நீராவிக் குழாயின் மூட்டு

ஹைதராபாத்தில் குடியேறி வாழும் தமிழர்களுக்குச் சனத்நகர் புதிய பெயரன்று. ஒருகாலத்தில் ஆல்வின் உலோகத் தொழிற்சாலை இயங்கிய பேட்டை அது. இன்றும் அங்கே சிறு பட்டறைகள் பல உள்ளன. தொழிலாளர் காப்புறுதி மருத்துவமனை ஒன்றும் உண்டு. அங்கிருந்து மும்பை நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால் இராமச்சந்திரபுரம் வரும். பாரத மிகுமின் நிறுவனத்தின் சுழலி யந்திரத் தொழிற்சாலை அவ்வூரில் இருக்கிறது. அந்த ஆலையும் திருச்சியில் உள்ள உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையும் 1960-களில் செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் உதவியோடு தோன்றியவை. கொதிகலன் திருச்சியில் உருவாகும். அதன் நீராவியால் சுழலும் யந்திரம் ஹைதராபாத்தில் உருவாகும். மின்நிலையத்தில் இவ்விரண்டையும் இணைப்பது நீராவிக் குழாய். அக்குழாயின் மூட்டுகளைப் பற்றவைக்கும் கைகளில் நம்மவர் கைகள் பல. ஆகவே அந்த மூட்டு ஏன் விரிசல் காண்கிறது, விரிசல் காணாமல் இருக்க என்ன வேண்டும் என்பதை ஆராய்வது நமக்குப் பயன் தருவதாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், சனத்நகர்ப் பட்டறை ஒன்றில் நாம் கண்ட நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம். மின்நிலையம் ஒன்றின் பழுதுபார்ப்புக்காகத் தடித்த நீராவிக் குழாய்த் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் லாரி காத்திருந்தது, மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினார். வெல்டிங் ராடுகள் நான்கு நாட்களாகத் திறந்து கிடந்த பொட்டலத்திலிருந்து எடுக்கப்பட்டன. குழாயின் ஓரத்தை எரிவாயு விளக்கால் சில நிமிஷங்கள் தடவிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். இரவு முடிந்த மூட்டு பார்வைக்கு அழகாகவே இருந்தது. எக்ஸ்ரே படத்திலும் குறை தெரியவில்லை. திருச்சியிலிருந்து வந்த முதிய வெல்டர் ஒருவர் மட்டும், "இரண்டு நாள் போகட்டும் தம்பி, அப்புறம் பார்த்து அனுப்பலாம்" என்றார். அவர் வார்த்தையை மதித்து லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலையில் காந்தப் பொடி தூவிச் சோதித்தபோது, மூட்டின் ஓரத்தில் விரல் நீளத்திற்கு மயிரிழைபோல ஒரு விரிசல் தெரிந்தது. யாரும் தொடாமல், எந்தச் சுமையும் ஏற்றாமல் கிடந்த குழாய் தானே விரிந்திருந்தது. இதன் காரணம் என்ன?

காரணத்தை அறிவதற்கு முன், அந்தக் குழாய் சாதாரண இரும்புக் குழாய் அன்று என்பதை அறிய வேண்டும். சனத்நகரில் உள்ளவை போன்ற சிறு தொழிற்சாலைகளின் கொதிகலனில் நீராவி சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ அழுத்தத்தில் இருக்கும்; அதன் உஷ்ணம் சுமார் 184 டிகிரி சென்டிகிரேடு. இதற்குச் சாதாரணக் கார்பன் உருக்கே போதும். பெரிய மின்நிலையத்திலோ அழுத்தம் 130 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். உஷ்ணம் 535, 540 டிகிரியை எட்டும். 25 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயை 130 கிலோ அழுத்தம் நீளவாட்டில் இழுக்கும் விசையைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 64 டன் வருகிறது. அந்த இழுப்பை ஒவ்வொரு சுற்று மூட்டும் இரவும் பகலும் தாங்கியாக வேண்டும்.

அந்த உஷ்ணத்தில் உருக்கு வேறு விதமாக நடந்துகொள்கிறது. அறை உஷ்ணத்தில் ஒரு சுமையைத் தாங்கும் உருக்கு அதை நூறாண்டும் தாங்கும். 500 டிகிரிக்கு மேலோ, அதே சுமையின் கீழ், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நீண்டுகொண்டே போகும். இதைத் தவழ்ச்சி என்று சொல்லலாம். இதைத் தடுக்கவே உருக்கில் சிறிதளவு குரோமியம், மாலிப்டினம், சிலவற்றில் வனேடியம் சேர்க்கிறார்கள். மொத்தக் கலப்பு நூற்றுக்கு ஐந்துக்குள் இருப்பதால் இதைச் சிறுகலப்பு உருக்கு என்கிறோம். குரோமியம் இரண்டேகால் பங்கும் மாலிப்டினம் ஒரு பங்கும் கொண்டது ஒரு வகை. குரோமியம் அரை, மாலிப்டினம் அரை, வனேடியம் கால் என்பது இன்னொரு வகை.

குரோமியம் சேர்ந்த வரலாறும் ஒரு விபத்தோடு தொடர்புடையது. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பென்சில்வேனிய மாநிலத்து ஸ்பிரிங்டேல் மின்நிலையத்தில், சில ஆண்டுகளே உழைத்த நீராவிக் குழாய் ஒன்று பற்றவைப்பின் அருகே முறிந்தது. அக்குழாயின் உருக்கில் மாலிப்டினம் மட்டுமே அரைப்பங்கு இருந்தது. பற்றவைப்பின் சூடு பட்ட ஓரத்தில் உருக்கிலிருந்த கார்பன் பிரிந்து, பென்சில் கரியைப் போன்ற கிராபைட்டாக வரிசை கட்டி நின்றுவிட்டது. கரி நின்ற கோட்டில் பலம் ஏது? குரோமியம் சேர்த்தால் கார்பன் இவ்வாறு பிரிவதில்லை என்று கண்டபின், குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த உருக்கே உயர் உஷ்ணக் குழாய்களுக்கு வழக்கமாயிற்று.

ஆனால் ஒரு நன்மையோடு ஒரு தொல்லையும் வந்தது. உருக்குக்கு வலிமை தரும் அதே பொருள்கள் அதைப் பற்றவைப்பதைக் கடினமாக்கின. கொல்லன் பட்டறையை நினைத்துப் பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் தோய்த்தால் அது கடினமாகிறது. ஆனால் நொறுங்கும் குணமும் கூடவே வருகிறது. பற்றவைப்பிலும் இதுவே நிகழ்கிறது. மின்சார வில்லின் அருகே உருக்கு உருகுகிறது. அதைச் சுற்றியுள்ள தடித்த குளிர்ந்த சுவர் அந்தச் சூட்டைத் தண்ணீரைப்போல உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே மூட்டின் ஓரம் தானாகவே தோய்த்தெடுத்ததுபோல் இறுகிவிடுகிறது.

எந்த உருக்கு எவ்வளவு இறுகும் என்பதற்கு நிபுணர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கார்பனின் நூற்றுவீதத்தோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கையும், குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கையும், நிக்கலும் செம்பும் சேர்ந்த தொகையில் பதினைந்தில் ஒரு பங்கையும் கூட்ட வேண்டும். இதைக் கார்பன் சமானம் என்பர். கார்பன் 0.20, மாங்கனீஸ் 0.60 உள்ள சாதாரணக் குழாய்க்கு இது 0.30 வருகிறது. கார்பன் 0.10, மாங்கனீஸ் 0.45, குரோமியம் 2.25, மாலிப்டினம் 1.00 உள்ள நீராவிக் குழாய்க்கோ 0.82-க்கு மேல் வருகிறது. 0.45-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை வேண்டும் என்பது பொது விதி. கார்பன் பாதியாகக் குறைந்திருந்தும் சமானம் இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி சனத்நகரில் கண்ட விரிசலுக்கு வருவோம். அதற்குக் குளிர்விரிசல் என்று பெயர். மூன்று காரணங்கள் ஒன்றுகூடினால்தான் அது பிறக்கும். முதலாவது, மேலே சொன்ன இறுகிய ஓரம். இரண்டாவது, குளிரும்போது மூட்டு சுருங்க முயல, தடித்த சுவர் விட்டுக்கொடுக்காததால் உண்டாகும் உள்ளிழுப்பு. மூன்றாவது ஹைட்ரஜன். ராடின் மேற்பூச்சில் உள்ள ஈரம் மின்சார வில்லின் சூட்டில் பிளந்து ஹைட்ரஜனாகிறது. உருகிய உருக்கு அதைத் தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. இறுகிய உருக்கிலோ அதற்கு இடமில்லை. வெளியேற வழி தேடி அது அணு அணுவாக நகர்ந்து, இழுப்பு மிகுந்த ஓரத்தில் போய்ச் சேர்கிறது. இவ்வாறு நகர்வதற்குக் காலம் வேண்டும். ஆகையால்தான் விரிசல் உடனே தோன்றாமல், பல மணி நேரமோ இரண்டு நாளோ கழித்துத் தோன்றுகிறது. முதிய வெல்டர் சொன்ன இரண்டு நாள் வெறும் நம்பிக்கை அன்று. 48 மணி நேரம் கழித்துச் சோதிப்பதே தொழில்நூல்களும் கூறும் முறையாகும்.

மூன்று காரணங்களில் ஒன்றைத் தடுத்தாலும் விரிசலைத் தடுக்கலாம். ஈரத்தை ஒழிக்க, ஹைட்ரஜன் குறைந்த ராடுகளை 300 முதல் 350 டிகிரி வரை ஓரிரு மணி நேரம் அடுப்பில் உலர்த்தி, வேலை முடியும் வரை சூடான பெட்டியிலிருந்தே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் திறந்த பொட்டலம் நான்கு நாள் கிடந்தால் அது அப்பளக் கட்டைப்போல் நமத்துவிடும். ஆனால் அப்பளம் நமத்ததைக் கை அறியும்; ராடு நமத்ததைக் கை அறியாது. இறுக்கத்தைக் குறைக்க, குழாயின் ஓரத்தை முன்கூட்டியே சூடாக்க வேண்டும். இரண்டேகால் குரோமிய உருக்குக்கு இந்த முன்சூடு 200 டிகிரியும் அதற்கு மேலும் வேண்டும். சுவரின் முழுத் தடிப்பும் அந்தச் சூட்டை அடைய வேண்டும். வேலை முடியும் வரை சூடு இறங்கவும் கூடாது. புதுமண் சட்டியை அடுப்பில் பழக்கும் நம் வீட்டுப் பெண்கள், திடீரென்று பெருந்தீ வைப்பதில்லை. நிதானமான சூட்டில் உலோகம் மெல்லக் குளிர்கிறது. ஹைட்ரஜனும் வெளியேறப் பொழுது கிடைக்கிறது.

ஓர் உருக்கும் ஒரு ராடும் எந்த முன்சூட்டில் விரிசலை எதிர்க்கும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ஜப்பானில் தோன்றிய டெக்கன் சோதனை இதற்கு நல்ல உதாரணம். தடித்த தகடு ஒன்றின் இரு முனைகளையும் முதலில் உறுதியாகப் பற்றவைத்து, அது அசையாதபடி செய்துவிடுகிறார்கள். நடுவில் விட்ட சாய்ந்த பிளவில் ஒரே ஒரு வரி மட்டும் பற்றவைக்கிறார்கள். நெருக்குண்ட அந்த ஒற்றை வரிக்கு உலகத்திலுள்ள கஷ்டமெல்லாம் ஒருங்கே வருகிறது. 48 மணி நேரம் காத்திருந்து, குறுக்கே அறுத்து, உருப்பெருக்கியில் விரிசலை அளக்கிறார்கள். முன்சூட்டைப் படிப்படியாக உயர்த்தி இச்சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, எந்த உஷ்ணத்தில் விரிசல் அடியோடு மறைகிறதோ அதுவே அந்த உருக்குக்கு வேண்டிய முன்சூடு. பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் "200 டிகிரி" என்று ஓர் எண் இருந்தால், அதன் பின்னால் இத்தகைய சோதனைகள் நிற்கின்றன.

மூட்டு முடிந்தபின் அதைச் சுமார் 700 டிகிரிக்குச் சூடேற்றி, சுவர்த்தடிப்பில் ஒவ்வொரு 25 மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிறுத்தி, மெல்ல ஆற விடுவார்கள். இறுகிய ஓரம் இதனால் பதப்படுகிறது, உள்ளிழுப்பும் தளர்கிறது. இந்தப் பதம் பெரும்பாலும் நன்மையே செய்யும். ஆயினும் வனேடியம் கலந்த உருக்கில் இந்த மருந்தே நோயாகிவிடுவதும் உண்டு. சூடேறும்போது வனேடியமும் கார்பனும் சேர்ந்து, உருக்கின் மணிகளுக்குள் நுண்ணிய துகள்களாகப் படிகின்றன. மணிகளின் உட்புறம் கெட்டியாகிவிடுகிறது. அப்போது உள்ளிழுப்பு தளர வேண்டிய அசைவு முழுவதும் மணிகளின் எல்லைக்கோட்டில்தான் நடந்தாக வேண்டும். அந்த மெல்லிய எல்லை தாங்காமல் பிரிந்துவிடுகிறது. இதை மறுசூட்டு விரிசல் என்கிறோம். பிரிட்டனில் 1960-களில் கட்டிய பெரிய மின்நிலையங்களின் குழாய்களில் இத்தொல்லை பரவலாகக் காணப்பட்டது.

இட்டோ, நகானிஷி என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கும் ஒரு கணக்குத் தந்தார்கள். குரோமியத்தின் நூற்றுவீதத்தோடு மாலிப்டினத்தின் இரு மடங்கையும் வனேடியத்தின் பத்து மடங்கையும் கூட்டி, இரண்டைக் கழிக்க வேண்டும். செம்பு, நியோபியம், டைட்டேனியம் ஆகியவையும் கணக்கில் உண்டு. அவை மிகச் சொற்பமாயின் விட்டுவிடலாம். விடை பூஜ்யத்துக்கு மேல் போனால் உருக்கு மறுசூட்டில் விரியக் கூடியது. குரோமியம் ஒன்று, மாலிப்டினம் அரை உள்ள உருக்குக்கு விடை பூஜ்யம்; வனேடியம் கால் பங்கு சேர்ந்த உருக்குக்கு விடை 2. ஒரு சிட்டிகை வனேடியம் செய்யும் மாறுதலை இதிலிருந்து அறியலாம். இதற்குப் பரிகாரங்கள் உண்டு. பாஸ்பரஸ், வெள்ளீயம் போன்ற மாசுகள் மிகக் குறைந்த உருக்கைத் தேர்வது ஒன்று. மெல்லிய ராடால் சிறு சிறு வரிகளாக வைத்து, முந்திய வரியின் பருத்த மணிகளை அடுத்த வரியின் சூட்டால் பொடியாக்குவது இன்னொன்று. மூட்டின் விளிம்பில் உள்ள கூர்மையான பள்ளங்களைத் தேய்த்து வழவழப்பாக்குவது மூன்றாவது.

இவ்விரண்டும் பட்டறையிலேயே பிறக்கும் விரிசல்கள். மூன்றாவது வகை பல்லாண்டு உழைத்தபின் வருகிறது. 1974-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நிபுணர்களான ஷூலர், ஹாக்ன், வோயிட்ஷெக் ஆகியோர் நீராவிக் குழாய் மூட்டு விரிசல்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பற்றவைத்த உலோகத்திற்குள்ளேயே நிற்பது முதல் வகை. அங்கே தொடங்கி வெளி ஓரத்திற்குப் பரவுவது இரண்டாம் வகை. ஓரத்தின் பருத்த மணிகளில் எழுவது மூன்றாம் வகை. சூடுபட்ட பகுதியின் வெளி எல்லையில், மூலக் குழாயை ஒட்டிய பொடி மணிகளில் தோன்றுவது நான்காம் வகை. இந்நான்காம் வகையே இன்று நிபுணர்களை மிகவும் கவலைப்படுத்துவது. அந்த எல்லையில் பற்றவைப்பின் சூடு உருக்கை முழுதும் மாற்றாமல் அரைகுறையாக மாற்றி விட்டுவிடுகிறது. அவ்விடம் மற்ற இடங்களைவிட மென்மையாகித் தவழ்ச்சிக்கு இடம் கொடுக்கிறது. மணிகளின் எல்லையில் முதலில் ஊசிமுனையினும் சிறிய துளைகள் தோன்றுகின்றன, அவை வரிசை சேர்கின்றன, வரிசை விரிசலாகிறது. ஒரு லட்சம் மணி நேரம், அதாவது பதினொன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த ஓட்டம், கடந்த குழாய்களில் இதைத் தேடிப் பார்ப்பது வழக்கம்.

தேடாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1985-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9-ஆம் தேதி, அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து மொஹாவி மின்நிலையத்தில், மறுபடி சூடேற்றிய நீராவியைக் கொண்டு செல்லும் குழாயின் நீளவாட்டு மூட்டு திடீரென்று பிளந்தது. ஆறு பேர் உயிரிழந்தனர். அந்தக் குழாயும் குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த சிறுகலப்பு உருக்கே. அதன்பின் பல நாடுகளில் பழைய குழாய்களின் மூட்டுகளைக் கேளா ஒலி அலைகளால் சோதிக்கும் முயற்சி தீவிரமடைந்தது. மேற்பரப்பை வழவழப்பாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் அதன் அச்சை எடுத்து, நுண்ணோக்கியில் துளைகளைத் தேடும் முறையும் பழக்கத்தில் உள்ளது. குழாயை அறுக்காமலே அதன் நாடியைப் பார்க்கும் முறை என்று இதைச் சொல்லலாம்.

நம் நாட்டிலும் இத்துறையில் பணி நடந்து வருகிறது. திருச்சியில் 1975-இல் பாரத மிகுமின் நிறுவனம் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், ஒன்பது பங்கு குரோமியம் கொண்ட உருக்கின் மூட்டுகளை ஆராய்ந்து, சிறிதளவு போரான் சேர்த்தால் நான்காம் வகை விரிசல் தாமதப்படுவதைக் கண்டிருக்கிறது. சட்டமும் இதில் தலையிடுகிறது. 1923-ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் சட்டமும் 1950-ஆம் ஆண்டு விதிகளும் நீண்டகாலம் இத்தொழிலை ஒழுங்குபடுத்தி வந்தன. பழைய சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நீராவி செல்லும் குழாய்கள் சட்டத்தின் பார்வைக்குள் வருபவை. அவற்றின் மூட்டுகளைப் பரீட்சையில் தேறிச் சான்று பெற்ற வெல்டர்தான் பற்றவைக்கலாம்.

ஆனால் எந்தச் சட்டமும் நள்ளிரவில் பட்டறையில் நின்று ராடு உலர்ந்ததா என்று பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பவர் அங்கே வேலை செய்பவரே. ஆகவே இத்தொழிலில் உள்ள நம் சகோதரர்கள் நான்கு கேள்விகளை எந்நாளும் கேட்டுப் பழக வேண்டும். இது எந்த வகை உருக்கு? ராடு எந்த அடுப்பிலிருந்து, எப்போது எடுக்கப்பட்டது? முன்சூடு எத்தனை டிகிரி, அதை எதனால் அளந்தோம்? இறுதிச் சோதனைக்கு முன் இரண்டு நாள் அவகாசம் கிடைத்ததா? மொழி அறியாத ஊரில், மேற்பார்வையாளர் அவசரப்படுத்தும்போது, இந்தக் கேள்விகளைக் கேட்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் அவற்றைக் கேட்பது பணிவின்மை ஆகாது, அதுவே தொழில்.

கொதிகலன் அருகே வேலை செய்வோர் எல்லாரும் அறிய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. இட்லிக் கொப்பரையிலிருந்து எழும் வெண்புகை உண்மையில் நீராவி அன்று. நீராவி குளிர்ந்து ஆன நீர்த்துளிகளே அவை. உயர் உஷ்ண நீராவி கண்ணுக்குத் தெரியாது. குழாயருகே சீறும் ஒலி மட்டும் கேட்டுப் புகை தெரியாவிட்டால், அங்கேதான் ஆபத்து அதிகம். கையால் தடவித் தேடக் கூடாது. அனுபவசாலிகள் நீண்ட துடைப்பத்தை முன்னே நீட்டித் தேடுவார்கள். துடைப்பம் அறுபட்டால் கசிவு அங்கே. ஆனால் அதுவும் பழகியவர் செய்ய வேண்டியது. மற்றவர் உடனே விலகி, மேலதிகாரிக்குச் சொல்வதே முறை.

சனத்நகர்ப் பட்டறையில் அந்த மூட்டை அறுத்தெடுத்தார்கள். ராடுகளை உலர்த்தினார்கள், குழாயைச் சுற்றிச் சூட்டுப் பட்டைகளைக் கட்டி, சூட்டை அளந்து, மறுபடி பற்றவைத்தார்கள். முதிய வெல்டர் இம்முறையும் இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னார், யாரும் முணுமுணுக்கவில்லை. மூன்றாம் நாள் காந்தப் பொடி எங்கும் சேராமல் உதிர்ந்து விழுந்தது. அந்தக் குழாய் இன்று ஏதோ ஒரு மின்நிலையத்தில் உழைத்துக்கொண்டிருக்கும். நான்கு நாள் தாமதம் என்று அன்று ஏட்டில் எழுதினார்கள். அந்தக் குழாயின் பக்கத்தில் நாள்தோறும் நடந்து செல்பவர் யார் என்பதை ஏட்டில் எழுத இடமில்லை. அவரும் தம் வீட்டாரை விட்டு வெளியூர் வந்து பிழைக்கும் ஒருவராக இருக்கக் கூடும்.